சிங்கப்பூர் நிறுவனத்தின் காப்புரிமையை வெளிநாட்டில் மீறினால், சிறு பங்குதாரருக்கு என்ன கிடைக்கும்?

புதுக் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் காப்புரிமைக்கு எல்லைக்கோடு உண்டு. சிங்கப்பூரில் பெற்றது சிங்கப்பூரில்தான் செல்லும். மற்ற நாடுகளில் தனித்தனியாகப் பெற்று, அங்கங்கே வழக்காட வேண்டும். தீர்ப்பும் மாறும். தம்ப்டிரைவ் என்னும் விரலளவு தகவல் சேமிப்புக் கருவியைத் தந்த நம் டிரெக் 2000 நிறுவனம் 2005இல் இங்கே உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்கில் வென்றது. பிரிட்டனிலோ காப்புரிமையையே பறிகொடுத்தது. உள்ளூர் வெற்றிச் செய்தியைப் பார்த்தவுடன் பங்கு வாங்க ஓடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கைகொடுத்தது. பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவியில் பாடல்களை வகைப்படுத்தித் தேடும் முறைக்கு அதைப் பெற்றிருந்தது. 2006 ஆகஸ்டில் ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஆனால் அத்தகைய பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போகும். இயக்குநர் சபை ஈவுத்தொகை அறிவித்தால்தான் நம் கைக்கு வரும். தோற்றால் வழக்கறிஞர் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும்.

தோ பாயோவில் இருக்கும் என் மாமா ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கக் குறிப்புகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார். வழக்குச் செலவைப் பென்சிலால் வட்டமிடுவார். பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பார்: “எந்தெந்த நாடுகளில் காப்புரிமை இருக்கிறது? அது செல்லும் இருபது ஆண்டில் இன்னும் எத்தனை மிச்சம்?” நீங்களும் கேளுங்கள், ஒரு பங்கு வைத்திருந்தாலும் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.