செயற்கைக் காலோடு அன்றாடம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் 12 வருடம் ஆகிறது. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, காலையில் கச்சிதமாக இருக்கும் கால் சாயங்காலம் லொடலொட என்று ஆடுகிறது. பழுதா?

பழுது இல்லை தம்பி. நடக்க நடக்க ஸ்டம்பில், அதாவது எடுத்தது போக மிச்சமிருக்கும் காலில், உள்ள நீர் வடிந்து சதை வற்றும். ஸ்டம்பு நுழையும் கூடான சாக்கெட் அப்படியே இருப்பதால் உள்ளே இடம் விழுகிறது. அதற்குத்தான் ஸ்டம்பில் மாட்டும் சாக்ஸ். காலையில் ஒன்று போட்டுக் கிளம்புவேன், பையில் இரண்டு இருக்கும். மதியம் சாப்பிடும் முன் ஓரமாக உட்கார்ந்து இன்னொன்றை ஏற்றிக்கொள்வேன். மடிப்பு விழாமல் இழுத்துவிட வேண்டும். சின்ன மடிப்பு கூடச் சாயங்காலத்துக்குள் கொப்புளமாகிவிடும். ஆடினால் ஆடட்டும் என்று நடக்காதீர்கள், ஸ்டம்பின் முனை அடியில் போய் இடிக்கும். சாக்ஸ் மேல் சாக்ஸ் போட்டும் நிற்கவில்லையா, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். முதல் வருடத்தில் இது சகஜம்.

சர்க்கரையால் அப்பாவுக்குக் கால் எடுத்தார்கள். புண் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான் அம்மா. சர்க்கரையில் உணர்ச்சி மங்கிவிடும், வலித்து எச்சரிக்காது. கண்தான் காவல். இரவு காலைக் கழற்றியதும் கைக்கண்ணாடியை ஸ்டம்புக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் மறுநாள் போட வேண்டாம், பொருத்தியவரிடம் காட்டுங்கள். தோல் உரிந்திருந்தால் நேராக டாக்டர். அப்புறம், அந்த இன்னொரு பாதத்தையும் தினமும் பாருங்கள். எடுத்த காலையே பார்த்துக்கொண்டு இருக்கிற காலை விட்டுவிடுகிறோம்.

இல்லாத பாதம் எரிகிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிக்க மாட்டேன், எனக்கும் கட்டைவிரல் முறுக்கும். பாதம் போனாலும் மூளையில் அதற்கான இடம் இருக்கிறது. நல்ல காலைக் கண்ணாடியில் பார்த்தபடி அசைக்கும் பயிற்சி சிலருக்குக் கேட்கிறது. மருந்தும் உண்டு. டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

சம்மணம் போட்டு உட்கார, வெறுங்காலில் கோயிலுக்குப் போக முடியுமா?

முடியும். 1968-ல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் காலை நம் ஊர்ப் பழக்கத்தை மனதில் வைத்தே செய்தார்கள். ரப்பர் பாதம் வளைந்து கொடுக்கும், செருப்பு தேவையில்லை. முழங்காலுக்கு மேலே எடுத்தவர்களுக்குச் சம்மணம் அவர்களுக்குப் பொருத்திய செயற்கை முழங்கால் மூட்டைப் பொறுத்தது.

படியில் எந்தக் கால் முதலில்?

ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது செயற்கைக் கால்.

இரவில் பாத்ரூம் போக எழுந்தால்?

தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாக நினைத்து ஊன்றி விழுந்திருக்கிறேன், இரண்டு முறை. ஊன்றுகோலைக் கட்டிலில் கை படும் இடத்தில் சாய்த்து வையுங்கள். சின்ன விளக்கு எரியட்டும்.