20 அறை விடுதிக்கு ஸ்மார்ட் கட்டுப்பாடு: எங்கே தொடங்குவது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் 20 அறைகளோடு விடுதி நடத்துகிறேன். எல்லா அறையிலும் ஸ்பிளிட் ஏசி. சீசன் மாதங்களில் கரண்ட் பில் தாங்க முடியவில்லை. கட்டடம் முழுவதையும் கணினியில் கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த மாதிரிப் பெரிய அமைப்பு, ஒரே இடத்தில் குளிரூட்டிக் கட்டடமெங்கும் அனுப்பும் ஆஸ்பத்திரிக்கும் பெரிய அலுவலகத்துக்கும்தான் சரிவரும். உங்களிடம் காசு வீணாவது பெரும்பாலும் ஆளில்லாத அறையில் ஓடும் ஏசியால்தான் இருக்கும். புறாத்தீவுக்குப் படகேறுகிற விருந்தினர், திரும்பி வரும்போது அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஏசியைப் போட்டுவிட்டே போவார். கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சாவி அட்டை செருகும் சுவிட்ச் இதற்குப் போதாது. சாதாரண வகை, வேறு எந்த அட்டையைச் செருகினாலும் வேலை செய்யும். கதவு உணரியையும் (சென்சர்) அசைவு உணரியையும் சேர்த்துப் போடுங்கள். கதவு திறந்து மூடிய பிறகு உள்ளே அசைவே இல்லையென்றால் ஆளில்லை. மூடிய பிறகு ஒருமுறை அசைவு தெரிந்துவிட்டால், கதவு மறுபடி திறக்கும்வரை ஆள் உள்ளே இருப்பதாகவே கணக்கு. அதனால் தூங்குகிறவரின் ஏசி நடுராத்திரியில் நிற்காது. அசைவு உணரி மட்டும் போட்ட விடுதிகளில் முறைப்பாடு வருவது இதனால்தான்.

ஆளில்லாதபோது ஏசியை முழுதாக நிறுத்தாமல் 28 பாகைக்கு ஏற்றிவிடுவது நல்லது. கடற்கரை ஈரத்தில் பூட்டிக் கிடக்கும் அறையில் பூஞ்சணம் பிடிக்கும். பால்கனிக் கதவுக்கும் ஓர் உணரி அவசியம். அது திறந்திருந்தால் ஏசி நிற்க வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியின் மின்சாரத்தைச் சட்டென்று வெட்டாமல், ரிமோட் கட்டளை போலச் சொல்லி நிறுத்தும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் அளந்து பாருங்கள். அறைகள், சமையலறை, சலவை, தண்ணீர்ப் பம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணைமானி (சப் மீட்டர்) பூட்டி ஒரு மாதம் கவனித்தால் எது தின்கிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம், பில்லை எடுத்துப் பாருங்கள். 42 கேவிஏக்கு (மின்சுமையை அளக்கும் அலகு) மேற்பட்ட இணைப்பு என்றால், அந்த மாதத்தில் 15 நிமிடம் ஏறிய உச்சச் சுமைக்கும் தனிக் கட்டணம் உண்டு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலையும் அதிகம். எனவே சலவை இயந்திரத்தைப் பகலிலும், மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுவதை இரவு 10.30க்குப் பிறகும் டைமரில் போடுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு.

உப்புக்காற்று அரித்த வெளி யூனிட்டை எந்த உணரியாலும் காப்பாற்ற முடியாது, அதை நல்ல தண்ணீரால் ஒழுங்காகக் கழுவ வேண்டும்.

விற்பவரிடம் இரண்டு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: இன்டர்நெட் போனாலும் அறைக் கட்டுப்பாடு தானாக ஓடும், கருவி பழுதானால் சாதாரண ரிமோட்டிலேயே ஏசி இயங்கும். முதலில் நான்கு அறைகளில் போட்டு, மற்ற அறைகளின் அலகுகளோடு ஒப்பிட்ட பிறகு மிச்சத்துக்குக் காசு கட்டுங்கள்.