மகனின் துவக்கும் அதன் இரண்டு கால்களும்

கேள்வி: கனடாவில் மகன் இலக்குச் சுடும் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். தூரச் சுடும் ரைபிளுக்கு ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) பூட்டும் மவுண்டும், முன்பக்கம் தாங்கும் இரண்டு கால் பைபொட்டும் வாங்கக் காசு கேட்கிறான். மலிவானது போதாதா? – ஒரு தகப்பன், கிளிநொச்சி

பதில்: வன்னியில் துவக்கு என்றாலே நமக்கு வேறு ஞாபகங்கள்தான் வரும் ஐயா, அங்கே அது உரிமத்தோடு நடக்கும் விளையாட்டு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

மவுண்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்கோப் எவ்வளவு நல்லதென்றாலும் அதைப் பிடித்திருக்கும் வளையம் மயிரிழை அசைந்தால் போச்சு. ஒரு எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) விலகல் 100 மீற்றரில் 3 சென்ரிமீற்றர்கூட வராது, 1000 மீற்றரில் 29 ஆகிவிடும். ஸ்கோப் குழாய் 30 மில்லிமீற்றரா 34 ஆ என்று பார்த்து அதே அளவில் வளையம் வாங்கட்டும். அவ்வளவு தூரம் சுடுவதென்றால் வளையம் உட்கார 20 எம்ஓஏ சாய்வுள்ள தளமும் வேண்டும், இல்லாவிட்டால் உயரம் மாற்றும் குமிழ் இடையிலேயே முட்டி நின்றுவிடக்கூடும். திருகுகளைக் கைக்கணக்கில் இறுக்காமல் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் சாவியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும்.

பைபொட் படுத்துச் சுட 6 முதல் 9 அங்குலம் போதும், உயரமானது ஆடும். பக்கவாட்டில் சரிக்கக்கூடியதா என்று கேளுங்கள். ஒரு கால் வரம்பிலும் மற்றது சேற்றிலுமாய் நின்ற உங்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம், துவக்குக் கட்டையின் பின்பக்கத்துக்கு அடியில் வைக்க ஒரு மணல் பை. அதைக் கடையில் வாங்க வேண்டாம், தடித்த சீலையில் தைத்து அனுப்பிவிடுங்கள், மணல் அங்கேயும் இருக்கும்.