நான்கெல்லையில் நிற்கும் பங்காளிகள்

கேள்வி: எங்கள் பூர்வீகம் கரூர்ப் பக்கம். 1938-இல் என் கொள்ளுத்தாத்தா நிலத்தை விற்ற கிரயப் பத்திரத்தின் பழைய நகல் ஒன்று மட்டும் வீட்டில் இருக்கிறது. அவருடைய தகப்பனார் பெயர் அதில் உண்டு. அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. நிலம் இப்போது எங்களிடம் இல்லை. பழைய நிலப் பதிவேடுகளைக் கொண்டு முந்தைய தலைமுறைகளைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். நிலம் கைமாறிப் போனது இதற்குத் தடையே இல்லை.

இப்படித் தேடக் கிளம்புபவர்கள் முதலில் பட்டாவுக்குத்தான் ஓடுகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். பட்டாவில் இருப்பது பெயரும் தகப்பனார் பெயரும்தான். அந்தப் பெயருக்குரியவர் இறந்து முப்பது வருடம் ஆகியும் பட்டா மாறாமல் கிடப்பது நம் ஊரில் சாதாரணம். பட்டாவில் பெயர் இருப்பதால் அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

கையில் இருக்கும் பத்திரத்தை மறுபடி படியுங்கள். நிலம் தனக்கு எப்படி வந்தது என்று விற்பவர் சொல்லும் வரி ஒன்று இருக்கும். ‘கிரயம் பெற்று’ என்றிருந்தால், முந்தைய பத்திரத்தின் தேதியோ எண்ணோ அங்கேயே கிடைக்கலாம். அதுதான் நூலின் அடுத்த முனை. ‘பிதுரார்ஜிதமாய்’ (தகப்பன் வழியில் வந்ததாய்) என்றிருந்தால் கிரயப் பத்திரம் தேடிப் பயனில்லை, பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். குடும்ப வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆவணம் கிடையாது. அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், இறந்துபோன சகோதரனின் மைனர் பிள்ளைகளும், அவர்களுக்குக் கார்டியனாகத் தாயாரும் ஒரே தாளில் வந்து நிற்பார்கள். ஆனால் வாய்மொழியாகவே பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்கள் ஏராளம். அங்கே பத்திரமே இருக்காது.

அப்போது கைகொடுப்பது சொத்து விவரத்தில் வரும் நான்கெல்லை, அதாவது நிலத்தின் நான்கு பக்கமும் யார் நிலம் என்ற குறிப்பு. இதைப் பெரும்பாலோர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். ஒரு தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டால் பக்கத்து நிலம் பங்காளியுடையதாகத்தானே இருக்கும்? எல்லையில் வரும் நான்கு பெயர்களையும் குறித்துக்கொண்டு, அவர்கள் விற்ற, அடமானம் வைத்த பத்திரங்களைத் தேடுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா எழுதாமல் விட்டதை அவருடைய சித்தப்பா மகன் எழுதியிருக்கக்கூடும். ஒரு எச்சரிக்கை: ‘முத்துசாமி நிலத்துக்கு மேற்கு’ என்று இருந்தால் விற்கும் நிலம்தான் மேற்கே இருக்கிறது, முத்துசாமி இருப்பது கிழக்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு படம் வரைந்தால் ஊரே திரும்பிவிடும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். உறவினர்கள் அங்கேயும் இருப்பார்கள்.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இங்கே ஆளைக் குழப்பிவிடும். பேரன் என்ற சொல்லிலேயே பெயர் இருக்கிறது. ‘ராமசாமி குமாரர் முத்துசாமி’ 1880-இலும் வருவார், 1930-இலும் வருவார்; இருவரும் ஒருவரல்லர். தகப்பன் பெயர் பொருந்துகிறது என்பதோடு நிறுத்தாமல், புல எண்ணும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பெண்களின் பெயர் கிடைப்பது அரிதுதான். ஆனால் 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வருவதற்கு முன் கணவரின் சொத்தை விதவை விற்க வேண்டுமானால் அவசியமான காரணம் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே கணவர் பட்ட கடன், மகளின் கல்யாணம் என்று குடும்பக் கதையே பத்திரத்தில் ஏறிவிடும். பின்னால் சொத்துக்கு வாரிசாக வரக்கூடியவர்களும் சில சமயம் சம்மதித்துக் கையெழுத்திட்டிருப்பார்கள். விதவை எழுதிய பத்திரம் கிடைத்தால் அன்று சாப்பாட்டைக்கூட மறந்து படிப்பேன்.

இனி எங்கே போவது? பத்திரத்தின் பின்புறம் ‘1 புத்தகம்’ என்று தொடங்கி வால்யூம், பக்கம், நம்பர் எழுதியிருக்கும். அதைக் கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் முழு நகல் கேட்கலாம். நிலம் போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் புத்தகம் அது. முதல் புத்தகத்துப் பத்திரங்களுக்கு, சம்பந்தமில்லாதவர்கூடக் கட்டணம் கட்டி நகல் பெறச் சட்டம் இடம் தருகிறது. நிலத்தை வைத்துத் தேட ஓர் அட்டவணையும், ஆட்களின் பெயரை வைத்துத் தேட ஓர் அட்டவணையும் அங்கே உண்டு. உங்களுக்கு வேண்டியது பெயர் அட்டவணை. பதிவு முறை 1860-களில்தான் ஊன்றியது. அதற்குப் பிறகும் நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலத்தைப் பதிவில்லாமல் கைமாற்ற முடிந்தது. சிறு விவசாயிகளின் தடம் அறுபடுவது இதனால்தான்.

அதற்கும் பின்னால் போக, நிலவரி நிர்ணயிக்க எழுதிய செட்டில்மெண்ட் பதிவேடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புல எண் வாரியாக எழுதியது. அதற்கு முந்தைய நில அளவையில் கொடுத்த பழைய பைமாஷ் எண்ணும் அதில் வரும். மாவட்ட ஆட்சியரக ஆவண அறையிலும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, பிறகு திருச்சிராப்பள்ளிக்குப் போனது. தனி மாவட்டமானது 1995-இல்தான். ஆகவே பழைய பதிவேட்டைக் ‘கோயம்புத்தூர்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

ஆண்டு பசலியில் (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறை ஆண்டுக் கணக்கு) இருந்தால் 590 கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. தமிழ் ஆண்டு மட்டும் இருந்தால் கவனம் வேண்டும், அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். வெகுதானிய வருஷம் 1878-இலும் வந்தது, 1938-இலும் வந்தது.

உங்கள் முன்னோர் கோயில் ஊழியத்துக்கான மானிய நிலமோ வேறு மானிய நிலமோ (இனாம்) வைத்திருந்தார்கள் என்று வீட்டில் யாராவது சொன்னால், இனாம் பதிவேட்டைத் தனியாகக் கேளுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்துக்கும் விசாரணை நடத்தி எழுதியது. முதலில் மானியம் பெற்றவர் யார், அப்போது வைத்திருந்தவர் அவருக்கு என்ன உறவு, வயது என்ன, வாரிசுகள் யார் என்று கட்டம் கட்டமாக இருக்கும். 1862-இல் ஐம்பது வயது என்று ஒருவர் அதில் அகப்பட்டால், 1812 வாக்கில் பிறந்த ஒருவரை நீங்கள் பிடித்துவிட்டீர்கள்.