மறு: ஃபோனில் வட்டம் சரி, நேரில் பார்த்தால் உடைகிறது

வணக்கம். ஒரே ஒரு இடத்தில் நின்றால் முழு வட்டமாகத் தெரியும்படி கல்லூரி நடைவழியில் சுவர், தூண், கூரை மூன்றிலும் துண்டு துண்டாக வரைந்த சிவப்பு வட்டம் ஃபோன் படத்தில் முழுசாக வருகிறது, நேரில் நின்றால் பிரிந்துபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கோட்டில் தப்பில்லை. ஃபோன் பார்ப்பது ஒரே கண்ணால், நாம் பார்ப்பது இரண்டால்.

லென்ஸ் இருந்த அதே இடத்தில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை மூடிப் பாருங்கள், வட்டம் கூடிவிடும். இரு கண்களுக்கும் நடுவே ஆறு செ.மீ.க்கு மேல் இடைவெளி உண்டு. பக்கத்தில் இருக்கும் தூண் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்று விலகித் தெரியும். அதை வைத்தே மூளை தூண் முன்னால், சுவர் பின்னால் என்று பிரித்துவிடும். தொலைவு கூடக்கூட இந்த வித்தியாசம் மங்கும். இதே முறையில் வரையும் சுவிஸ் கலைஞர் ஃபெலிசே வரீனி 2018-இல் பிரான்சின் கர்கசோன் கோட்டையில் ஒட்டிய மஞ்சள் வட்டங்கள் நேரிலும் அவ்வளவு அழகாகக் கூடி நின்றதற்கு அந்தத் தொலைவு பெரிய காரணம்.

ஆகவே பார்வைப் புள்ளியை, அதாவது வட்டம் முழுசாகத் தெரியும் அந்த இடத்தை, முடிந்தவரை பின்னால் தள்ளி மறுபடி வரையுங்கள். வரைவதற்காக அந்தப் புள்ளியிலிருந்து வட்டத்தை வீசும் புரொஜெக்டரின் லென்ஸ்தான் கண் உயரத்தில் இருக்க வேண்டும், ஸ்டாண்டை அளக்காதீர்கள். இடம் போதாவிட்டால், ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்படி துளை போட்ட அட்டையை அங்கே நிறுத்துங்கள். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள டச்சு ஓவியர் வான் ஹூக்ஸ்ட்ராட்டனின், உட்புறம் வரையப்பட்ட 17-ஆம் நூற்றாண்டு ஓவியப் பெட்டியையும் துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும்.