கால்களின் அதிர்வு உணர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 28, தந்தைக்கு 71. ஒரே இசைக்கவையை (தட்டினால் அதிரும் கவை வடிவ உலோகக் கருவி) கால் பெருவிரலில் வைத்தபோது எனக்கு நெடுநேரம் அதிர்வு தெரிந்தது. அவருக்குச் சட்டென்று நின்றுவிட்டது. இது நோயா?

பதில்: இதை மட்டும் கொண்டு நோய் என்று சொல்ல முடியாது. அதிர்வை உணரும் பாசினியன் நுண்ணுறுப்புகள் தோலின் ஆழத்தில் உள்ளன. வயது ஏற ஏற அவற்றின் எண்ணிக்கையும், அவற்றிலிருந்து செய்தி கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகளும் குறைகின்றன. பாதத்திலிருந்து முதுகுத்தண்டுக்குச் செல்லும் இழைகளே மிக நீண்டவை என்பதால் குறைவு முதலில் கால்விரலில் தெரிகிறது; அதே முதியவர் கைவிரலில் நன்றாகவே உணரக்கூடும். ஆகவே உங்கள் தந்தையை அவருடைய வயதினரோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுவதும் தவறு. இதை அழுத்தமாகவே சொல்கிறேன். நீரிழிவு, வைட்டமின் பி12 குறைபாடு, மிகுந்த மதுப்பழக்கம் ஆகியவையும் இதே உணர்வைக் குறைக்கும். ஒரு காலில் மட்டும் குறைந்திருந்தாலோ, மரத்துப்போதலும் எரிச்சலும் இருந்தாலோ, கணுக்கால் எலும்பிலும் அதிர்வு தெரியாவிட்டாலோ நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இசைக்கவையில் எனக்கு 6 என்றார்கள், பயோதீசியோமீட்டர் என்ற, அதிர்வுணர்வை அளக்கும் மின்கருவியில் 12 என்றார்கள். எது சரி?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம், அளவுகோல்கள்தான் எதிரெதிரானவை. ரைடல்-சைஃபர் இசைக்கவையில் 0 முதல் 8 வரை கோடுகள் உண்டு. அதிர்வு தணியத் தணிய எண் ஏறும்; அதிர்வு தெரியாமல் போகும்போது உள்ள எண்ணையே குறிக்கிறார்கள், ஆகவே கூடுதல் எண் கூர்மையான உணர்வைக் குறிக்கும். பயோதீசியோமீட்டரில் அதிர்வைக் கூட்டிக்கொண்டே போய், தெரியத் தொடங்கும் வோல்ட் அளவைக் குறிக்கிறார்கள். அங்கே குறைந்த எண்தான் நல்லது. நீரிழிவு உள்ளவருக்கு 25 வோல்ட்டுக்கு மேல் போனால் பாதப் புண் ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

கேள்வி: காலையில் ஓர் அளவு, மாலையில் வேறோர் அளவு வருவது ஏன்?

பதில்: பாதம் குளிர்ந்திருந்தால் உணர்வு மந்தமாகும். இசைக்கவையின் அடிப்பகுதியை விரல் மூட்டின் எலும்பு மேல் வைக்காமல் அரை அங்குலம் விலகிச் சதையில் வைத்தாலும், கையின் அழுத்தம் மாறினாலும் அளவு மாறும். பாதத்தை வெதுவெதுப்பாக்கி, அதே புள்ளியில் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.

கேள்வி: இளையோரையும் முதியோரையும் ஒப்பிட்டு ஆய்வு செய்யும் மாணவி நான். எந்த முறை ஏற்றது?

பதில்: அதிர்வு கூடிவரும்போது 'தெரிகிறது' என்று பொத்தானை அழுத்தச் சொல்லும் முறையில் ஒரு சிக்கல் உண்டு: முதியவர் உணர்ந்த பிறகு அழுத்தச் சற்றுத் தாமதமாகும், அந்தத் தாமதமும் உணர்வுக் குறைவாகவே பதிவாகிவிடும். எனவே இரண்டு இடைவெளிகளில் ஒன்றில் மட்டும் அதிர்வைக் கொடுத்து 'முதலாவதா, இரண்டாவதா?' என்று கேட்கும் முறையையே நான் பரிந்துரைப்பேன்; நேரம் அதிகமாகும், ஆனால் பொத்தானை அழுத்தும் வேகம் குறுக்கிடாது. 'ஆம்-இல்லை' முறையைத்தான் கையாள வேண்டியிருந்தால், இடையிடையே அதிராத இசைக்கவையை வைத்துப் பாருங்கள். அதற்கும் 'ஆம்' என்பவர்கள் உண்டு. கருவியின் ரீங்காரம் காதில் விழாதபடி ஹெட்ஃபோன் அணிவியுங்கள். உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், நெடிய கால்களில் உணர்வு இயல்பாகவே சற்றுக் குறைவாக இருக்கும்.

கேள்வி: இந்தக் குறைவு நடையைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கும். பாதம் தரையைச் சரியாக அறியாதபோது கண்தான் ஈடுகட்டுகிறது. அதனால் இருட்டில் தடுமாற்றம் கூடும். இரவில் எழுந்து நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும்.