பேத்திக்கு சில்வண்டு பொடி குடுக்கலாமா?

கேள்வி: பேத்திக்கு ரெண்டு வயசு, எடை 9 கிலோதான். சிங்கப்பூர்ல இருக்க மகன் சில்வண்டு பொடி அனுப்பியிருக்கான், சத்துமாவுல கலந்து குடுத்தா சதை பிடிக்குமாம். மருமகளுக்கு ஆசை, எனக்குத்தான் மனசு ஒப்பல. ஒரு தடவை இறால் தின்னு உதடு வீங்குச்சு, மத்தபடி நல்லா ஓடியாடுறா.
- ஒரு அப்பத்தா, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, போறபோக்குல எழுதிட்டீங்களே அந்த இறால் விஷயம், அதுதான் இதுல முக்கியமே. பொடி வேண்டாம். இறாலும் பூச்சியும் பங்காளிங்க மாதிரி, ரெண்டுலயும் ட்ரோப்போமயோசின்னு கிட்டத்தட்ட ஒரே மாதிரி புரதம் இருக்கு, வறுத்தாலும் அரைச்சாலும் அது லேசுல அழியாது, அதனால இறாலுக்கு வீங்குன உதடு இதுக்கும் வீங்கலாம், அடுத்த தடவை மூச்சுக்குழாய்லயே கை வைக்கலாம். வீக்கத்தோட இளைப்போ வாந்தியோ வந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.

மகனைத் திட்டாதீங்க. சிங்கப்பூர்ல 2024லயே 16 வகை பூச்சிக்கு அனுமதி குடுத்தாச்சு, நம்மூர்ல மட்டும் என்ன, மழை விட்டதும் கிளம்புற ஈசலைப் பிடிச்சு வறுத்து அரிசியோட தின்னவங்க எத்தனை பேர். காங்கோ நாட்டுல புழுவை காயவச்சு அரைச்சு தானிய மாவுல கலந்து 6 மாசத்துலேர்ந்து 18 மாசம் வரைக்கும் பிள்ளைங்களுக்கு குடுத்துப் பார்த்தாங்க. ரத்தசோகை குறைஞ்சுச்சு, ஆனா வளர்த்தியில பெருசா வித்தியாசம் இல்ல. சதை பிடிக்கும்ங்கறதெல்லாம் பாக்கெட்காரன் பேச்சு.

ரெண்டு வயசு பொம்பளப் பிள்ளைக்கு 9 கிலோங்கறது எடைக்குறைவுக் கோட்டுலயே நிக்கிறது, விளையாடுறாளேன்னு விட்டுறாதீங்க. அங்கன்வாடியில கைச்சுற்றளவு எடுக்கச் சொல்லுங்க, 12.5 செ.மீக்கு கீழன்னா கவனிக்கணும், 11.5க்கும் கீழன்னா உடனே ஆஸ்பத்திரி. ஹீமோகுளோபின் பாருங்க, பூச்சி மாத்திரை குடுத்தாச்சான்னும் கேளுங்க (இது வயித்துப் பூச்சிக்கு!).

சாப்பாட்டுக்கு உங்க வீட்டு கும்மாயம் (அரிசி, உளுந்து, பாசிப்பருப்பு மாவுல கருப்பட்டி போட்டுக் கிண்டுறது) போதுமே ஆச்சி, அதை ஏன் ஆடிக்கு மட்டும் வச்சிருக்கீங்க? அரிசியில லைசின்ங்கற புரதச்சத்துக் கூறு கம்மி, அதை உளுந்தும் பாசிப்பருப்பும் ஈடுகட்டிரும், மேல நெய் விட்டா சின்ன வயித்துக்குள்ள நிறைய சக்தி போயிரும். வாரத்துல ரெண்டு மூணு நாள் குடுங்க, கருப்பட்டியை மட்டும் கம்மியா போடுங்க. கஞ்சியை தண்ணியா கரைச்சு ஊத்தாதீங்க, வயிறு ரொம்பும், எடை ஏறாது. முட்டை ஒத்துக்குதுன்னா தினம் ஒண்ணு.

நெத்திலி கருவாடு குடுக்கற வீடா இருந்தா நல்லா பொறுக்கிப் பாருங்க, அதுல சென்னாக்குன்னி கலந்து கிடக்கும், அதுவும் இறால்தான். அந்தப் பொடியை மகன் லீவுக்கு வரப்ப அவனுக்கே தோசையில போட்டுக் குடுங்க, பிள்ளை கிண்ணத்தையும் ஸ்பூனையும் மட்டும் அதுக்கு எடுக்காதீங்க.